கராஜ் கதவு: திருத்துவதா, மாற்றுவதா? கொழும்பு வீடுகளுக்கு நான்கு வழிகள்

வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் சொந்த வீடு வைத்திருக்கும் வாசகர்கள் பலர் ஏறத்தாழ ஒரே சிக்கலைத்தான் எழுதுகிறார்கள். பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் போட்ட றோலர் கதவு பாதியில் இறுகி நிற்கிறது, அல்லது ஏற்றும்போது ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி கரகரக்கிறது, அல்லது அதன் கீழ் ஓரத்தைக் கறள் தின்று பூனை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறது. பார்க்க வந்த ஒரு பாஸ், திருத்தினால் இன்னும் பல வருடம் ஓடும் என்கிறார். இன்னொருவர், பழசுக்குச் செலவழிப்பது வீண், புதிது போடுங்கள் என்கிறார். கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் மச்சானோ, ஸ்பிரிங்கை மாற்றச் சொல்லி, மாற்றுவதென்றால் வெப்பக்காப்பு உள்ள கதவாகவே போடச் சொல்லி வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புகிறார். மூவருக்கும் அவரவர் அனுபவம் உண்டு. ஆனால் முடிவு, உங்கள் கதவில் கறள் எந்த இடத்தில் பிடித்திருக்கிறது என்பதில்தான் பெரும்பாலும் தங்கியிருக்கிறது. கதவின் வயதையும் திருத்தச் செலவையும் நான் அதற்குப் பிறகே பார்ப்பேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது அளவுகோல் கறள். அதை முதலாவது வழியைப் பேசும்போது விரிவாகப் பார்ப்போம்.

இரண்டாவது, கடலுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரம். உப்புக்காற்றின் உக்கிரம் கரையிலிருந்து முதல் சில நூறு மீற்றர்களுக்குள் வேகமாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே பம்பலப்பிட்டியில் காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் இடைப்பட்ட வீட்டுக்கும் நுகேகொடையில் உள்ள வீட்டுக்கும் ஒரே பொருளைப் பரிந்துரைப்பது சரியல்ல. இதில் பலர் கவனிக்காத விடயம் ஒன்று உண்டு. மழை படும் உலோகத்தைவிட மழை படாத உலோகமே கடற்கரையில் விரைவாகக் கறள் பிடிக்கும், ஏனென்றால் அதில் படிந்த உப்பைக் கழுவிவிட எதுவும் இல்லை. கதவின் உட்புறமும், மேலே சன்ஷேட் மறைக்கும் பகுதியும், கதவின் இரு ஓரங்களும் ஏறி இறங்கும் சனலின் உட்பள்ளமும் முதலில் கெடுவது இதனால்தான்.

மூன்றாவது இடவசதி. லிண்டலுக்கு மேலே எவ்வளவு உயரம் மிச்சம் இருக்கிறது, பக்கச்சுவர் எவ்வளவு நீளம், கூரை உள்ளே எவ்வளவு தூரம் தடையின்றிப் போகிறது, கதவு ஒழுங்கைப் பக்கம் திறந்தால் முச்சக்கரவண்டி போக இடமிருக்குமா என்பவற்றை அளந்து எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். ஆறு ஏழு பேர்ச் காணியில் கட்டிய வீட்டில், கதவின் விலையைக் கேட்பதற்கு முன்பே இந்த அளவுகள் இரண்டு வழிகளை அடைத்துவிடும்.

நான்காவது, கரண்ட் இல்லாத நேரத்தில் அதைத் திறக்கப்போவது யார் என்பது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, எழுபது வயதான அப்பாவும் அம்மாவும் மட்டும் வாழும் வீட்டில் இந்தக் கேள்வி மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொள்ளும். பாதுகாப்பும் தோற்றமும் இவற்றுக்குப் பின்னால் வருபவை.

## குளிர்நாட்டு ஆலோசனையில் எது இங்கே செல்லும்

ரொறன்ரோவில் கராஜ் கதவு வீட்டின் வெளிச்சுவரைப் போன்றது. கராஜ் வீட்டோடு ஒட்டியிருக்கும், பெரும்பாலும் அதற்கு மேலே ஒரு படுக்கையறையும் இருக்கும். சில நாட்களில் வெளியே மைனஸ் 20 பாகை செல்சியஸ் வரை குளிர் இறங்கும்போது அந்தக் கதவின் வழியே போகும் வெப்பம் எரிவாயுக் கட்டணமாகத் திரும்பி வரும். ஆகவே அங்கே கதவை வெப்பத்தடை மதிப்பைக் (R-value, அது கூடினால் வெப்பம் கடப்பது குறைவு) கேட்டு வாங்குகிறார்கள். ஓர் அங்குலத் தடிப்பான பொலிஸ்ரைரீன் நிரப்பலுக்கு அது சுமார் 4, பொலியூரிதேன் நுரைக்குச் சுமார் 6. கதவின் அடியில் உள்ள றப்பர் பட்டி உருகிய பனியோடு சேர்ந்து தரையில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் மோட்டரை அழுத்தினால் றப்பர் கிழியும், அல்லது மோட்டரின் பற்சக்கரம் தேய்ந்துபோகும். கிறீஸ் குளிரில் இறுகும். ஏற்கெனவே களைத்துப்போன ஸ்பிரிங் ஒரு பனிக்காலையில் வெடிபோலச் சத்தமிட்டு உடையும். அங்குள்ள பராமரிப்பு அறிவுரைகள் அனைத்தும், இலையுதிர் காலத்தில் எண்ணெயிடுங்கள், றப்பரைச் சோதியுங்கள், சமநிலையைப் பாருங்கள் என்று, இந்தக் குளிரை எதிர்பார்த்தே சொல்லப்படுபவை.

கொழும்பின் சராசரி வெப்பநிலை 27 பாகையை ஒட்டியது. இங்கே உறைவதற்கு எதுவும் இல்லை. குளிர்நாட்டுக் கதவு காற்றை உள்ளே விடாமல் இறுக மூடுவதற்காகச் செய்யப்பட்டது. நம் கராஜுக்குக் காற்றோட்டம் வேண்டும், இல்லாவிட்டால் தென்மேல் பருவமழைக் காலத்தில் கார் இருக்கையிலேயே பூஞ்சணம் பிடிக்கும். மேற்கு நோக்கிய தகரக் கதவு பின்னேரத்தில் அடுப்பாகச் சுடுவது உண்மைதான். ஆனால் கராஜுக்கு வேறு திறந்த கிராதிகள் இருந்தால் நுரை நிரப்பிய கதவு பெரிதாக உதவாது. வெளிர் நிறப் பெயின்ற் அதைவிட மலிவாகவும் நன்றாகவும் வேலை செய்யும். கராஜை அலுவலறையாக மாற்றிக் குளிரூட்டி போட்டிருப்பவர்கள் மட்டுமே வெப்பக்காப்புக்குப் பணம் கொடுக்கலாம்.

இரண்டு விடயங்களில் மச்சான் சொல்வது இங்கும் முழுமையாகச் செல்லும். ஒன்று ஸ்பிரிங்கின் ஆயுள். சாதாரண ஸ்பிரிங் சுமார் 10,000 சுற்றுகளுக்கென்று செய்யப்படுகிறது. ஒருமுறை திறந்து மூடினால் ஒரு சுற்று. நாளுக்கு நான்கு முறை திறந்து மூடும் வீட்டில் அது ஏழு வருடத்துக்குச் சற்றுக் குறைவு, இரண்டு முறையென்றால் பதின்மூன்று வருடத்துக்கு மேல். இந்தக் கணக்குக்கு நாடு கிடையாது. மற்றையது உப்பு. அங்கே வீதியில் பனி உருக்கத் தூவும் உப்பு காரின் அடியில் ஒட்டி வந்து, கராஜ் தரையில் வடிந்து, கதவின் அடிப்பலகையையும் கம்பிவடத்தின் அடிப்பிடியையும் அரிக்கிறது. வெள்ளவத்தையில் அதே உப்பு காற்றில் வருகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. எனவே கதவின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுங்கள் என்ற கனடாக்காரரின் அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

## முதலாவது வழி: இருக்கும் றோலர் கதவைத் திருத்துவது

பாஸை அழைப்பதற்கு முன் பகல் நேரத்தில் கதவை முழுதாக இறக்கி, உள்ளே விளக்கை அணைத்துவிட்டு நின்று பாருங்கள். ஒளிப்பொட்டுகள் தெரியும் இடங்களில் தகடு ஓட்டையாகிவிட்டது. அவை கீழ் மூன்று நான்கு தகட்டுப் பட்டிகளில் மட்டும் இருந்தால் அது பருவமழைத் தெறிப்பும் தரையில் தேங்கிய நீரும் செய்த வேலை. அந்தப் பட்டிகளையும் அடிச்சட்டத்தையும் மட்டும் கழற்றி மாற்றலாம். பொட்டுகள் கதவு முழுவதும், அதிலும் பட்டியும் பட்டியும் கொக்கிபோல் கோத்துக்கொள்ளும் மடிப்புகளில் வரிவரியாகத் தெரிந்தால், பட்டிகள் கோத்த அந்த முழுத் திரைக்கும் ஆயுள் முடிந்தது. புதிய பட்டியைப் பழைய மடிப்பில் கோக்கும்போதே பழையது பிய்ந்து வரும். இற்ற சாக்கில் புதுத்துணி ஒட்டுப் போடுவதற்கு அது சமம்.

அடுத்து சனல்கள். தரையோடு சேரும் கடைசி ஓரடியில் ஸ்குறூடிறைவரால் தட்டிப் பாருங்கள். உள்ளே போனால் அந்த அளவை வெட்டி வேறு துண்டு வைத்து வெல்ட் செய்யலாம், ஆனால் உட்புறம் மழமழவென்று தேய்க்கப்பட வேண்டும். வெல்டிங் மேடு அப்படியே விடப்பட்ட சனலில் கதவு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தட்டி, ஆறு மாதத்துக்குள் பட்டிகளின் ஓரங்களைத் தின்றுவிடும்.

மூன்றாவதாக மேலே ஏணி வைத்து, கதவு சுருண்டுகொள்ளும் ஷாஃப்டையும் அது சுவரில் பொருந்தும் பிடிகளையும் பாருங்கள். இரும்பு கறளாகும்போது பருக்கும். பிடியைச் சுற்றிய பூச்சில் வெடிப்புத் தெரிந்தால் சுவருக்குள் இருக்கும் போல்ட்டுகள் கறள் பிடித்திருக்கின்றன என்று பொருள். இந்த இடத்தில் மட்டும் நான் திருத்தத்துக்கு ஆதரவாகப் பேசமாட்டேன். திரையின் பாரம் முழுவதும் அந்தப் பிடிகளில் தொங்குகிறது, அதன் கீழேதான் பிள்ளைகள் சைக்கிளோடு போய்வருகிறார்கள்.

ஷாஃப்ட் உறுதியாக இருந்து ஸ்பிரிங் மட்டும் தளர்ந்திருந்தால் திருத்தமே சிறந்த வழி. கதவின் சமநிலையைச் சோதிப்பது எளிது. மோட்டரின் பிடிப்பை விடுவித்துவிட்டுக் கையால் இடுப்பளவுக்கு உயர்த்தி, மெதுவாகப் பிடியைத் தளர்த்துங்கள். ஸ்பிரிங் சரியாக இருந்தால் கதவு ஏறத்தாழ அந்த இடத்திலேயே நிற்கும். சடாரென்று கீழே வந்தால் ஸ்பிரிங் தன் பங்கைச் சுமக்கவில்லை, அந்தப் பாரத்தை இதுவரை மோட்டர் சுமந்திருக்கிறது. இதை விட்டுவிட்டு மோட்டரை மட்டும் மாற்றுபவர் அடுத்த வருடமும் மோட்டர் மாற்றுவார். ஸ்பிரிங்கை நீங்களோ வீட்டு வேலைக்கு வரும் சாதாரண வெல்டிங் பாஸோ கழற்றக் கூடாது. முறுக்கப்பட்ட ஸ்பிரிங்கில் கதவின் பாரத்துக்குச் சமமான விசை அடைந்து கிடக்கிறது, ஓர் ஆணி தவறினால் அது கையை உடைக்கும். இதற்கென்றே முறுக்குக்கம்பி வைத்து வேலை செய்பவரைத்தான் அழைக்க வேண்டும்.

மறைவான செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். பழைய கதவின் பட்டி வடிவம் இப்போது வார்க்கப்படுவதில்லை என்றால் பொருந்தாத பட்டியைத் தட்டிப் பொருத்துவார்கள், அது சுருளும்போது புடைக்கும். திருத்தியபின் நிறம் இரண்டாகத் தெரியும், பிறகு முழுக்கதவுக்கும் பெயின்ற் அடிக்க வேண்டியிருக்கும். 2022இல் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தொட்டபோது பலர் திருத்தத்தையே தெரிவுசெய்தார்கள். அது அந்த நேரத்துக்குச் சரியான முடிவு. அப்போது ஒட்டுப்போட்ட கதவுகள் பல இப்போது இரண்டாம் தடவையாகக் கேள்வியாகி நிற்கின்றன. திருத்தச் செலவு புதிய கதவின் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடுங்கள் என்ற பொதுவிதி குளிர்நாட்டு ஸ்பிரிங் உடைவுகளுக்குப் பொருந்தலாம். இங்கே, ஷாஃப்டும் திரையின் மேற்பாதியும் சுத்தமாக இருந்தால் பாதிக்கு மேல் போனாலும் திருத்துவதில் நியாயம் உண்டு. அவை கெட்டிருந்தால் காற்பங்குச் செலவும் வீண்.

## இரண்டாவது வழி: புதிய றோலர் கதவு

லிண்டலுக்கு மேலே ஓரடியிலிருந்து ஒன்றரை அடி வரை இடமிருந்து, உள்ளே கூரை தாழ்வாகவோ குறுக்கே வளைகள் ஓடியோ இருந்தால் றோலரைத் தவிர வேறு தெரிவு இல்லை. கொழும்பின் நெருக்கமான வீடுகளில் அது பரவியதற்கும் காரணம் இதுவே. அதற்கு ஒழுங்கைப் பக்கமும் இடம் வேண்டாம், உட்கூரையும் வேண்டாம்.

பொருளில்தான் யோசிக்க வேண்டும். சாதாரண கல்வனைஸ் தகடு நாகப்பூச்சு (சிங்க் பூச்சு) மட்டும் கொண்டது, கடலிலிருந்து தள்ளி இருப்பவர்களுக்குப் போதும். சந்தையில் சிங்க்-அலு என்று சொல்லப்படும் தகட்டின் பூச்சில் எடைப்படி ஏறத்தாழ 55 சதவீதம் அலுமினியமும் 43 சதவீதம் நாகமும் சிறிதளவு சிலிக்கனும் இருக்கின்றன. திறந்த பரப்பில் அது கல்வனைஸைவிட நீண்டகாலம் நிற்கும். ஆனால் வெட்டிய ஓரங்களுக்குக் கிடைக்கும் காப்பு நாகப்பூச்சில் இருப்பதைவிடக் குறைவு. ஈரச் சீமெந்தும் அதற்கு ஆகாது. கதவைப் பொருத்தியபின் மேசன் வந்து ஓரங்களைப் பூசி, தெறித்த சாந்தை அப்படியே காயவிட்டால் அந்த இடங்களில்தான் முதற் பொட்டுகள் வரும். பூச்சு வேலையை முடித்துவிட்டுக் கதவைப் பொருத்துங்கள், இல்லையேல் கதவைப் பொலித்தீனால் மூடச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.

கடலிலிருந்து சில நூறு மீற்றருக்குள் இருந்தால் பவுடர் பூச்சிட்ட அலுமினியப் பட்டிக்கு மேலதிகமாகக் கொடுக்கும் பணம் வீணாகாது. அலுமினியம் செங்கறள் பிடிக்காது, பூச்சு பெயர்ந்த இடத்தில் வெள்ளைப்பொடியாகப் பொரியும், அவ்வளவே. எடை குறைவென்பதால் சிறிய மோட்டர் போதும். கார் பின்னால் வந்து இடித்தால் எளிதாக நசுங்குவதும், கடப்பாரைக்குச் சீக்கிரம் வளைந்துகொடுப்பதும் அதன் குறைகள். ஆணிகளையும் போல்ட்டுகளையும் மறக்க வேண்டாம். 304 தரத் துருவேறா உருக்குக்கூடக் கடற்கரையில் பழுப்புக் கறை பிடிக்கும். மொலிப்டினம் சேர்ந்த 316 தரம் உப்பைத் தாங்கும். அதை நேரடியாக அலுமினியத்தில் முறுக்கினால் இரண்டு உலோகங்களும் உப்புநீரோடு சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும், ஆதலால் இடையில் நைலோன் வளையம் வேண்டும்.

கொட்டேஷனில் சதுர அடிக் கணக்கில் எழுதியிருக்கும் விலைக்கு வெளியே பல செலவுகள் நிற்கும். லிண்டலை உடைத்துத் திருத்தும் மேசன் வேலை, மோட்டருக்குத் தனி மின்னிணைப்பு, சுருளை மூடும் பெட்டி, 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உள்ள பெறுமதி சேர் வரி ஆகியவை அவற்றில் முக்கியமானவை. பழைய கதவை இரும்புக்காரருக்கு விற்கும் பணம் உங்களுக்கா, பொருத்துபவருக்கா என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இன்னொன்று, தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பிறகு பலர் பழைய சிறிய காரை விட்டு உயரமான வாகனங்களுக்கு மாறுகிறார்கள். உயரக் கூரை வான்கள் 2.2 மீற்றரைத் தாண்டும். றோலர் சுருள் வாசலின் உயரத்திலிருந்து திருடும் அங்குலங்களைக் கழித்துவிட்டே கதவின் உயரத்தை முடிவுசெய்ய வேண்டும்.

## மூன்றாவது வழி: செக்‌ஷனல் கதவு

நான்கைந்து அகலமான பலகைகள் கீல்களால் இணைந்து, சில்லுகளில் உருண்டு, கூரைக்கு அடியில் கிடையாகப் போய்ப் படுக்கும் இந்தக் கதவுதான் வட அமெரிக்க வீடுகளில் வழக்கமானது. அழகானது, சத்தம் குறைந்தது, மேல்மாடியில் குழந்தை தூங்கும் வீட்டுக்கு வரப்பிரசாதம். ஒரு பலகை நசுங்கினால் அதை மட்டும் மாற்றலாம் என்பது பெரிய நன்மை, அதே பலகை கொழும்பில் அல்லது கப்பலில் கிடைக்கும் வரையில்.

அங்கேதான் தயக்கம். கதவின் உயரத்தோடு இன்னும் ஒன்றரை இரண்டு அடி சேர்த்து, உட்கூரை தடையில்லாமல் இருக்க வேண்டும். கராஜ் கூரையில் மின்விசிறியோ நீர்க்குழாயோ போனால் அவற்றை மாற்ற வேண்டும். கீல்கள், சில்லுகள், கம்பிவடங்கள், ஸ்பிரிங்குகள் என்று கறள் பிடிக்கக்கூடிய சிறு பாகங்கள் றோலரைவிடப் பல மடங்கு. ஒவ்வொன்றும் இறக்குமதி. நீட்சி ஸ்பிரிங் (முறுக்கப்படாமல் இழுபட்டு வேலை செய்வது) உள்ள வகையை வாங்கினால் ஸ்பிரிங்கின் நடுவே பாதுகாப்புக் கம்பி ஓடுகிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் உடைந்த ஸ்பிரிங் காரின் கண்ணாடியைத் தாண்டியும் பறக்கும்.

கடலிலிருந்து தள்ளிய இடத்தில், புதிதாகக் கட்டும் வீட்டில், கூரையை முதலிலிருந்தே அதற்கேற்பத் திட்டமிட முடிந்தால் இதைத் தெரிவுசெய்யலாம். வெள்ளவத்தையில் கடலோர ஒழுங்கையிலுள்ள பழைய வீட்டுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

## நான்காவது வழி: கதவே வேண்டாம், கேற் போதும்

மதிலும் கேற்றும் ஏற்கெனவே இருக்கும் வீட்டில் கராஜுக்குத் தனிக்கதவு எதற்கு என்று கேட்பதும் நியாயமே. கறள் பிடித்த றோலரைக் கழற்றிவிட்டு, கூரை மட்டும் உள்ள திறந்த தரிப்பிடமாக விட்டு, மதில் கேற்றைப் பலப்படுத்துவது நான்கு வழிகளிலும் பராமரிப்புக் குறைந்தது. ஈரமான காருக்குக் காற்றோட்டமும் கிடைக்கும். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவையில் நடந்ததுபோலத் தண்ணீர் ஏறும் இடங்களில், நீரில் ஊறி வளையும் கதவு இல்லாதிருப்பதே ஆதாயம்.

வெளிப்பக்கம் திறக்கும் இரட்டைக் கேற் ஒழுங்கையை அடைக்கும். தள்ளு கேற்றுக்குத் தன் அகலம் அளவுக்குப் பக்கச்சுவர் வேண்டும், தரையில் ஒரு தண்டவாளமும் வேண்டும். தண்டவாளப் பள்ளத்தில் மழைநீர் தேங்கி நுளம்புக் குடம்பி கண்டுபிடிக்கப்பட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்கள் மீது வழக்குத் தொடரலாம், ஆகவே பள்ளத்துக்கு வடிகால் வைக்காத தள்ளு கேற் வேலையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். கராஜில் சலவை இயந்திரம், சைக்கிள், எரிவாயுச் சிலிண்டர் வைத்திருக்கும் வீடுகளுக்கு இந்த வழி சரிவராது.

## நான்கையும் ஒருங்கே பார்த்தால்

| | திருத்தம் | புதிய றோலர் | செக்‌ஷனல் | கேற் மட்டும் |
|---|---|---|---|---|
| முதற்செலவு | குறைவு | நடுத்தரம். அலுமினியமானால் கூட | அதிகம் | குறைவு முதல் நடுத்தரம் |
| மறைவான செலவு | பொருந்தாத பட்டி, மறுபடி பெயின்ற் | மேசன், மின்னிணைப்பு, வரி | கூரை மாற்றம், இறக்குமதிப் பாகங்கள் | தண்டவாள வடிகால், மதில் வேலை |
| உப்புக்காற்று | பழைய பொருளைப் பொறுத்தது | அலுமினியம் நன்று | சிறு பாகங்கள் விரைவில் கெடும் | பெயின்ற் அடித்தால் போதும் |
| தேவையான இடம் | புதிதாக எதுவும் இல்லை | லிண்டலுக்கு மேல் | உட்கூரை முழுவதும் | பக்கச்சுவர் |
| கரண்ட் இல்லாதபோது | சமநிலை இருந்தால் கையால் | மோட்டர் வகையைப் பொறுத்தது | கையால் எளிது | கையால் மிக எளிது |

## மோட்டர் தனி முடிவு

கதவோடு மோட்டரையும் ஒரே விலையில் பேசும் வழக்கத்தால் இதை யாரும் யோசிப்பதில்லை. ஸ்பிரிங் சரியாக முறுக்கிய எட்டடி அகல அலுமினியக் கதவுக்கு மோட்டர் அவசியமே இல்லை. பதினைந்தடி உருக்குக் கதவுக்கு அவசியம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லப்பட்டு நாடு முழுவதும் இருளானதும் நமக்கு நினைவிருக்கிறது. 24 வோல்ட் நேர்மின்னோட்ட மோட்டருக்குப் பற்றரியை நேரடியாக இணைக்கலாம். 230 வோல்ட் மோட்டருக்குத் தனி யூபிஎஸ் வேண்டும், இல்லாவிட்டால் கையால் இழுக்கும் சங்கிலி. அந்தச் சங்கிலியை வீட்டில் உள்ள மூத்தவரைக் கொண்டே ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரர் இழுத்துக் காட்டுவது சோதனை ஆகாது. கராஜுக்குள் போக வேறு வாசல் இல்லாத வீட்டில், வெளியிலிருந்து விடுவிக்கும் பூட்டும் வேண்டும்.

அமெரிக்காவில் 1993 முதல் தயாரிக்கப்படும் வீட்டுக் கராஜ் மோட்டர்கள் அனைத்துக்கும், கீழே யாராவது சிக்கினால் கதவு தானாக மேலே திரும்பும் ஏற்பாடு சட்டப்படி கட்டாயம். அதற்கான ஒளிக்கண்கள் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேற்படாத உயரத்தில் பொருத்தப்படுகின்றன. இங்கே றோலர் மோட்டர்கள் பலவற்றில் அது மேலதிகப் பொருள், கேட்டு வாங்க வேண்டும். குழந்தைகளோ பூனையோ உள்ள வீட்டில் இந்த ஒரு செலவில் பேரம் பேச வேண்டாம். இடிமின்னல் மிகுந்த மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் மோட்டரின் பிளக்கைக் கழற்றிவைப்பது, திடீர் மின்னழுத்த உயர்வுக்கான காப்பு வைத்திருந்தாலும், நல்லது. எறும்பும் பல்லியும் சேர்கிட் பெட்டிக்குள் குடியேறாதபடி வயர் நுழையும் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள்.

## பராமரிப்பு

எந்தக் கதவானாலும் கடலோரத்தில் மாதம் ஒருமுறையேனும் உட்புறத்தையும் சனலையும் குழாய்த் தண்ணீரால் கழுவ வேண்டும், மோட்டரையும் சேர்கிட் பெட்டியையும் நனைக்காமல். சனலுக்குக் கிறீஸ் பூசாதீர்கள். மணலும் தூசியும் அதில் ஒட்டி அரத்தாளாக மாறும். சிலிக்கன் ஸ்பிறே போதும். டபிள்யூ.டி.-40 இறுகிய இடத்தை இளக்கவும் ஈரத்தை விலக்கவும் நல்லது, ஆனால் நாட்கணக்கில் மசகாக நிற்காது. ஸ்பிரிங்குக்கு ஆண்டுக்கு இரண்டு முறை மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்தால் போதும். பெயின்ற் சுரண்டப்பட்ட இடத்தைக் கண்ட அன்றே தொட்டு மூட வேண்டும்.

## கொட்டேஷன் வாங்கும்போது

தகட்டின் தடிப்பை மில்லிமீற்றரில் எழுதித் தரச் சொல்லுங்கள். "ஹெவி" என்ற சொல்லுக்கு அளவு கிடையாது. அந்தத் தடிப்பு பூச்சோடு சேர்த்ததா, பூச்சு நீங்கலானதா என்றும் கேளுங்கள். மோட்டரின் தூக்கும் திறனைக் கிலோகிராமிலும், கதவின் எடையையும் அருகருகே எழுதச் சொல்லுங்கள். உத்தரவாதப் பத்திரத்தை முழுதாக வாசியுங்கள். கடலிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் கறளுக்கு உத்தரவாதம் செல்லாது என்ற வரி சிலவற்றில் கடைசிப் பக்கத்தில் இருக்கும். பழைய பட்டிகள் மாற்றும் திருத்தமென்றால், முழுப்பணத்தையும் கொடுக்கும் முன் ஒரு மாதிரிப் பட்டியைக் கொண்டுவந்து உங்கள் கதவில் கோத்துக் காட்டச் சொல்லுங்கள். வேலையை மே மாத மழைக்கு முன், பெப்ரவரி மார்ச்சில் வைத்துக்கொண்டால் வெல்ட் செய்த இடங்களுக்கு அடிப்பூச்சும் பெயின்ற்றும் நன்றாகக் காய அவகாசம் கிடைக்கும்.